பேரிக்காயான மன்னர் முகம்

ஒருவரின் தோற்றத்தை உள்ளது உள்ளபடி தீட்டுவது உருவப்படம் எனில், அத்தோற்றத்தில் எடுப்பாகத் தெரியும் மூக்கையோ தாடையையோ மிகைப்படுத்தி, நகைப்பினூடே அவரது இயல்பையும் புலப்படுத்துவது கேலிச்சித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இவ்விரண்டும் கலந்து தனிக் கலையாக வளர்ந்தபோது, அதன் போக்கை ஓவியர்களின் கற்பனையோடு அரசின் அடக்குமுறையும் சேர்ந்தே வகுத்தது.

1830இல் 'லா காரிக்கத்தூர்' என்ற வார இதழைத் தொடங்கிய ஷார்ல் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பை இழிவுபடுத்தியதாக 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சாயல் இருப்பதே குற்றமானால் அதற்கு எல்லை ஏது என்று வாதிட்ட அவர், தொங்கும் கன்னங்களுடைய மன்னரின் தலை படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு படங்களில் வரைந்து காட்டினார். தண்டனை தப்பவில்லை, ஆயினும் அன்றுமுதல் பேரிக்காய் மன்னரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

பிலிப்போனிடம் பணியாற்றிய ஒனோரே தோமியே, ஏழைகள் கூடைகூடையாகக் கொண்டுவரும் காசுகளை விழுங்கும் பூதமாக மன்னரைக் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் பதிக்கும் முறையில், சித்திரித்து 1832இல் சிறை சென்றார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்ளிட்ட பிரமுகர்களின் தலைகளைச் சுடாத களிமண்ணில் அவர் பிடித்து வண்ணம் பூசிய, ஒரு சாண் அளவேயான மார்பளவுச் சிலைகளில் 36 இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. இறுகிய உதடுகளும் சரிந்த இமைகளும் தனிமனிதர்களை மட்டுமன்றி, பதவியில் ஊறிய ஒரு வர்க்கத்தின் அகந்தையையும் சோம்பலையும் காட்டிவிடுகின்றன.

1835 செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டம் படங்களுக்கு முன்தணிக்கையை விதித்ததால் அரசியல் கேலிக்கு வழி அடைபட, தோமியே சமூகத்தின் பக்கம் திரும்பினார். 'லெ ஷாரிவாரி' நாளிதழில் வெளியான அவரது நீதித்துறைத் தொடரில், கறுப்பு அங்கியின் அகன்ற கைகளை வீசி முழங்கும் வழக்கறிஞர்களையும் வழக்கின் நடுவே கண்ணயரும் நீதிபதிகளையும் காணலாம். பெயர் குறிக்கப்படாத இம்முகங்களைத் தணிக்கையாளர் தடுப்பது எளிதன்று. வாசகர்களோ தாம் அறிந்த மனிதர்களை அவற்றில் கண்டுகொண்டனர்.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், ஒருவரைக் கேலியாக வரைய அவரது எழுத்துவழி ஒப்புதலே தேவைப்பட்டது. சிறிய உடலில் பெரிய தலையைப் பொருத்தி வரைந்த ஆந்த்ரே ஜில், பிரபலங்கள் தந்த ஒப்புதல் வரிகளை அவர்களின் கையெழுத்திலேயே படத்தோடு அச்சிட்டார். இதனால் மானத்தைக் காக்க வந்த விதியே, கேலிக்கு உள்ளாவதைப் புகழின் சான்றாக்கிற்று. 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் படங்களுக்கான முன்தணிக்கையை நீக்கியபோது, ஓவியருக்கு யாருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை.