செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லையா?

நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியவில்லை என்று சொல்லும் சர்க்கரை நோயாளிகள் உண்டு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கை, கால்களுக்குச் செல்லும் பல நரம்புகள் சேர்ந்து பழுதுபடும் 'பாலிநியூரோபதி'யாக அது இருக்கலாம்.

பாதத்தில் ஏன் தொடங்குகிறது?

உடலிலேயே நீளமான நரம்புகள் கால் விரல்களுக்குப் போகின்றவை. முதுகுத்தண்டிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். அவ்வளவு தூரம் ஊட்டம் போய்ச்சேர வேண்டியிருப்பதால் நுனிதான் முதலில் நலிகிறது. மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி இரண்டு கால்களிலும் ஒன்றுபோல மேலேறும். முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல்களிலும் தெரியத் தொடங்கும்.

வலிக்காத கால்தான் ஆபத்து

எரிச்சல் தாங்காதவர் மருத்துவரிடம் போய்விடுகிறார். மரத்துப்போனவர் போவதில்லை, என் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, மாலையில் பாதத்தில் கொப்புளத்தைப் பார்ப்பவர் அவர். வெந்நீர் ஒத்தடத்தில் தோல் வெந்ததையும் உணர மாட்டார். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது.

தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் சொன்னால் மென்மையான ரப்பராலான எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். நைலான் இழையாலும் இசைக்கவையாலும் பாத உணர்வைச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை மட்டுமா?

மது, சிறுநீரகச் செயலிழப்பு, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் ஆகியவையும் காரணமாகலாம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும்.

பலரும் தவறவிடுவது பி12 குறைபாடு. ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், பால்கூடச் சேர்க்காத சைவர்களுக்கும் இது வரலாம். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். தாமதித்தால் இழந்த உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதற்காக மருந்துக்கடையில் கேட்டு 'நரம்புச் சத்து' மாத்திரையை நீங்களாகவே விழுங்காதீர்கள். பி6 வைட்டமினை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதது

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன சில வாரங்களுக்குள் இரண்டு கால்களும் தளர்ந்து, பலவீனம் மேலேறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும். இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகிய சிகிச்சைகள் முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். நேற்றுப் படியேறியவர் இன்று ஏற முடியாமல் நின்றால், சத்து ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.