பழைய சாக்ஸபோனும் பொல்லாத எழுத்தும்!

வளைந்த கழுத்து, விரிந்த வாய், உடம்பு முழுக்க மூடிகள்... சாக்ஸபோனைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் உருவாக்கி, 1846ல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி இது. கர்நாடக இசை மேடையில் இதை வாசித்துப் புகழ் பெற்றவர், கத்ரி கோபால்நாத்.

நாதஸ்வரத்துக்கு சீவாளி இருக்கிறதல்லவா? அதுபோல இதற்கும் நாணலைச் சீவிச் செய்த ஒரு பட்டை உண்டு. அது அதிர்ந்தால்தான் ஓசை பிறக்கும்.

அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும் பழைய சாக்ஸபோன்களைத் தேடித் தேடி வாங்குகின்றனர். எது நல்லது, எது வீண் என்று கண்டுபிடிப்பது பெரிய துப்பறியும் வேலை!

கருவியின் பின்பக்கம் வரிசை எண் பொறித்திருப்பர். கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட்டால், செய்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதில் பலர் ஏமாறுவதுண்டு. அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் இருந்த, 'கான்' கம்பெனியின் பல கருவிகளில், 'டிசம்பர் 8, 1914' என்று இருக்கும். உடனே, '1914ல் செய்தது' என்று நினைத்து விடுவர். அது காப்புரிமை பெற்ற தேதி! 1920களில் செய்த கருவியிலும் அதே தேதிதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கலாம். 'எல்' என்றால் தாழ்ந்த சுருதி, வாங்கலாம். 'எச்' என்றால் உயர்ந்த சுருதி, உஷார்!

இன்றைய வாத்தியங்களில், 'ஏ' என்ற ஸ்வரம் வினாடிக்கு 440 முறை அதிர்கிறது. அந்தக் கால உயர் சுருதிக் கருவிகளிலோ கிட்டத்தட்ட 457 முறை! பியானோவுடன் சேர்ந்து ஊதினால் காதைப் பொத்திக் கொள்ள வேண்டியதுதான். ஊதும் பகுதியை வெளியே இழுத்துச் சரி செய்யலாமே என்கிறீர்களா? ஒரு ஸ்வரம் சரியாகும், இன்னொன்று கெடும். துளைகளை இடம் மாற்ற முடியாதே! எவ்வளவு அழகாக இருந்தாலும், பாவம், அது தனியாகத்தான் பாட வேண்டும்.

கறுத்துப் போன கருவியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பவர்களும் உண்டு. தேய்க்கத் தேய்க்க, செதுக்கிய பூ வேலைப்பாடு மழுங்கும், பித்தளையும் மெலியும். அதனால், புதிது போல மின்னுவதை விட, பழைய பூச்சு உரிந்து அழுக்காக இருப்பதற்கே மதிப்பு அதிகம். 'வீட்டில் பழைய பொருள் கிடக்கிறதே' என்று, உடனே புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள்!

காற்று கசிகிறதா என்று பார்க்க சுலபமான வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, குழலுக்குள் சிறிய விளக்கை விட வேண்டும். மூடிகளை அழுத்தும்போது எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே ஓட்டை. மூடிக்குள் இருக்கும் தோல் வில்லையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகி விடும்.

சரி... பழையதெல்லாம் விலை போகுமா? அதுதான் இல்லை. 1920களில் அமெரிக்க வீடுகளில் பியானோவுடன் வாசிக்க, 'சி மெலடி' என்ற வகையை ஏராளமாகச் செய்தனர். நூறு வயதாகியும் அதற்கு விலை குறைவே. பிரான்சின், 'செல்மர்' கம்பெனி 1954ல் கொண்டு வந்த, 'மார்க் 6' அதை விட இளையது. ஆனால், நல்ல நிலையில் இருந்தால் பல லட்சம் ரூபாய்!

பிளாஸ்டிக் சாக்ஸபோன் கூட உண்டு. லண்டனில் செய்த, 'கிராப்டன்' அது. கீழே விழுந்தால் விரிசல் விட்டுவிடும். 1953ல், கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த கச்சேரியில், ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் அதைத்தான் வாசித்தார். அவருடைய கிராப்டன், 1994ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 93,500 பவுண்டு கொடுத்து வாங்கியது, அவர் வளர்ந்த கான்சாஸ் நகரம். அங்குள்ள ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.