விளக்கும் இடமும்

கார்த்திகை விளக்கீட்டன்று யாழ்ப்பாணத்து ஊர்களிலே வீட்டு வாயிலில் விளக்கேற்றுதல் வழக்கம். அகத்தே எரியும் விளக்கு வீட்டாருக்கு உதவும். வாயில் விளக்கோ வழிச்செல்வார்க்கும் ஆறுதலளிக்கும். ஆதலின் ஒளி அன்பின் குறியாயிற்று.

இவ்வுண்மையைத் திருக்கோவலூர் இடைகழி வரலாறு நன்கு உணர்த்தும். மழையிரவில் அங்கே ஒதுங்கிப் படுத்திருந்த பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார் வரவே எழுந்திருந்து இடமளித்தார். பேயாழ்வாரும் வந்தபோது மூவரும் நின்றனர். இருளிலே தம்மை நெருக்கும் நான்காமவர் யாரெனக் காண, முன்னவர் இருவரும் பாட்டால் விளக்கேற்றினர். மூன்றாமவர் திருமாலைக் கண்டார் என்பர். இடமளித்தல் முன்னும் ஒளி பின்னும் நிகழ்ந்தமை சிந்திக்கற்பாலது.

மானிப்பாயிலும் அத்தகைய விளக்கொன்று ஏற்றப்பட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாட்டாலும் சமயத்தாலும் வேறுபட்டவராயினும், அவர் மானிப்பாய் மக்களின் நோய் தீர்த்ததோடு, மாணவர்க்கு மருத்துவமும் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் ஊதியம் நாடி அயலிடஞ் செல்லக் கண்ட அவர், பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயுற்ற ஏழையும் தன் மொழி பேசும் மருத்துவரைத் தன் ஊரிலேயே பெறவேண்டுமென்பது அவர் கருத்து. தமிழர் ஆங்கிலத்தை அணுகட்டுமென்று நில்லாது, தாமே தமிழை அணுகினார். இதுவும் எழுந்திருந்து இடமளித்தலே யாம்.

விளக்கேற்றுதல் எளிது; அதனருகே பிறர்க்கு இடம் விடுதல் அரிது. அவ்விடம் உள்ள வீடே ஒளியுள்ள வீடு.