தூரம் செத்துவிட்டதா? – இணைய வணிகமும் கடலூர்ச் சிறு உற்பத்தியாளர்களும்

'தூரத்தின் மரணம்' என்ற பொருள்படும் தலைப்பில் பிரான்செஸ் கெய்ர்ன்கிராஸ் 1997இல் ஒரு புத்தகம் எழுதினார். தொலைத்தொடர்பு வளர வளர, இருக்கும் இடம் ஒரு தொழிலின் தலைவிதியைத் தீர்மானிக்காது என்பது அதன் சாரம். சிறுதொழில் செய்வோருக்கான பயிற்சி முகாம்களில் இன்றும் ஓதப்படுவது இந்த மந்திரம்தான்: "கையில போன் இருந்தாப் போதும், உலகமே உங்க கடை." முதலாளித்துவப் புளுகு என்று இதைத் தள்ளிவிடுவது நம்மில் பலருக்கு எளிது. தள்ளவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது என்பதுதான் சிக்கல்.

1997க்கும் 2001க்கும் இடையில் வடகேரளக் கடற்கரைக்குச் செல்போன் வந்தபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அதற்குமுன் ஒரு கரையில் மத்தியை வாங்க ஆளிருக்காது, கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீனில்லாமல் வியாபாரிகள் நிற்பார்கள். போன் வந்தபின் படகிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. இங்கே கருவியைவிட முக்கியமானது அது உண்டாக்கிய உறவு. எந்தக் கரை என்று முடிவு செய்தவர் மீனவர். போன் கம்பெனி பேசியதற்குக் காசு வாங்கியது. கரைகளை அது வரிசைப்படுத்தவில்லை.

இன்றைய இணையச் சந்தைத் தளம் வேறு வகை. அங்கே தெருவே ஒருவருக்குச் சொந்தம். எந்தக் கடை முதலில் தெரியும், எது பத்தாவது பக்கத்தில் கிடக்கும் என்பதைத் தளம் தீர்மானிக்கிறது. முன்னால் வர விளம்பரக் காசு, விற்றால் கமிஷன், திரும்பி வந்த பொருளுக்கும் பல நேரம் தண்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர் யார் என்ற விவரம் பெரும்பாலும் தளத்திடமே தங்கிவிடுகிறது. சிதம்பரம் கவரிங் நகையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, நகை கறுத்தால் போய்க் கேட்க ஒரு முகம் இருக்கிறது. திரையில் அது வெறும் தேடுசொல். தலைமுறைகளாகச் சேர்ந்த வாடிக்கை என்கிற மூலதனம் கைமாறும் இடம் இதுதான்.

தளம் மட்டுமல்ல, அரசும் தூரத்தைப் புதிதாக உற்பத்தி செய்கிறது. கடையில் வைத்துப் பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதே ஆள் தளம் வழியாக விற்றால் முதல் ரூபாய்க்கே பதிவு கட்டாயம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்களுக்கு. கடலூர் முதுநகரில் மீன் ஊறுகாய் போடும் ஒரு பெண்கள் குழு என்று வைத்துக்கொள்வோம். 500 கி.மீ.க்கு அப்பாலுள்ள கன்னியாகுமரிக்குப் பதிவில்லாமல் அனுப்பலாம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாகூருக்கு அனுப்ப முடியாது. அது புதுச்சேரி, வேறு ஆட்சிப் பகுதி. பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, ஊறுகாய்க்கு இல்லை. பதிவு எடுக்கலாமே என்பார்கள். எடுத்தால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், அதற்கு ஆடிட்டருக்குக் கூலி. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்களுக்கு நடுவில் ஊறுகாய்க்கு ஓர் எல்லைக்கோடு!

ஆக, 'இணையத்துக்கு வாருங்கள்' என்று சிறு உற்பத்தியாளரை அழைப்பது மட்டும் உதவியாகாது. வாங்குபவரின் செயலியும் விற்பவரின் செயலியும் வேறுவேறாக இருந்தாலும் வணிகம் நடக்கலாம் என்ற ஏற்பாட்டோடு 2021 கடைசியில் ஓஎன்டிசி அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் கோவை உள்பட ஐந்து நகரங்களில் முன்னோட்டம் நடந்தது. தெரு ஒருவர் சொத்தாகக் கூடாது என்ற கொள்கையளவில் இது சரியான திசை. ஆனால் அங்கேயும் பொருளைப் படமெடுத்து, பட்டியலிட்டு, பொதிந்து அனுப்பத் தனி ஆளால் ஆகாது. பத்துக் குழு சேர்ந்து ஒரே கணக்கு, ஒரே ஜிஎஸ்டி எண், ஒரே கொரியர் பேரம் என்று கூட்டுறவாக நின்றால் ஆகும். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் எழுதிய நோட்டு அந்தக் கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும். தளத்தில் வரிசை எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வைப்பதும், ஆண்டு வரம்புக்குள் இருப்பவருக்கு மாநில எல்லையை எடுத்துவிடுவதும் அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள். நெசவாளர் கூலிக்கும் மீனவர் உரிமைக்கும் சங்கம் கட்டியவர்கள் நாம். இது நம்ம வேலை இல்லை, கம்ப்யூட்டர்காரர்கள் வேலை என்று விட்டுவிட்டால், தெருவுக்குச் சொந்தக்காரர் வைத்ததுதான் வாடகை.