ஏழெட்டு கிராமின் கணக்கு

கைக்குழந்தை ஒரு நாளில் குடிக்கும் தாய்ப்பால் ஏறக்குறைய முக்கால் லிட்டர். அதிலுள்ள புரதம் ஏழெட்டு கிராம்தான். ஒரு கோழிமுட்டையில் இருப்பதைவிடச் சற்றே அதிகம். மாட்டுப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 3.3 கிராம் புரதம் இருக்கிறது; தாய்ப்பாலில் 1 கிராம். அதை மட்டுமே குடித்து, ஐந்தாறு மாதத்துக்குள் குழந்தையின் பிறந்த எடை இரட்டிப்பாகிவிடுகிறது!

ஏன் இவ்வளவு குறைவு? வளரும் வேகத்தைப் பாருங்கள். கன்றுக்குட்டியின் எடை சுமார் ஏழு வாரத்தில் இரட்டிப்பாகிறது. முயல்குட்டிக்கு ஒரு வாரமே போதும். முயல் பாலில் புரதம் 10 சதவீதத்துக்கும் மேல். மனிதக் குழந்தை நிதானமாக வளர்கிறது. மிஞ்சிய புரதத்தின் கழிவை வெளியேற்றுவது அதன் முதிராத சிறுநீரகத்துக்குச் சுமை. கொடுப்பது குறைவு என்பதால், எதைக் கொடுப்பது என்பதில் தாய்ப்பால் வெகு கவனமாக இருக்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கண்ணிகளாகக் கோத்த சங்கிலி. கண்ணிகள் 20 வகை. அவற்றில் 9 வகைகளை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. உணவில்தான் வந்தாக வேண்டும்.

தாய்ப்பாலில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதம் ஆல்ஃபா லாக்டால்புமின்: 123 கண்ணிகள். பொதுவாக உணவில் அரிதாகக் கிடைக்கும் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் இதில் தாராளம். நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனினும், உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் மெலட்டோனினும் அதிலிருந்தே உருவாகின்றன. இதே புரதத்துக்குத் தாயின் மார்பில் இன்னொரு வேலையும் உண்டு. அங்குள்ள நொதி ஒன்றோடு சேர்ந்து லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரையை உண்டாக்குகிறது. லாக்டோஸ் தண்ணீரை ஈர்க்க, பால் பெருகுகிறது. பாலைச் சுரக்க வைத்த கருவியே குழந்தைக்கு உணவாகவும் ஆகிறது!

எல்லா அமினோ அமிலங்களும் சங்கிலியில் கோக்கப்பட்டு வருவதில்லை. சில தனித்தே மிதக்கின்றன. செரிக்கக் காத்திருக்காமல் உடனே உறிஞ்சப்படுகின்றன. இவற்றில் முதலிடம் குளூட்டமேட்டுக்கு. 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்த ‘உமாமி’ சுவைக்குக் காரணமான பொருள் இதுதான். ஆனால் சுவையோடு இதன் பணி முடிவதில்லை. குழந்தையின் குடலை மூடியிருக்கும் செல்கள் இதையே எரிபொருளாக எரிக்கின்றன.

அடுத்தது டாரின். இது எந்தப் புரதச் சங்கிலியிலும் கோக்கப்படாத தனியாள். கொழுப்பைச் செரிக்கும் பித்த அமிலங்களோடு இணைகிறது. விழித்திரையின் வளர்ச்சிக்கும் வேண்டும். பச்சிளம் உடலால் இதைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. மாட்டுப்பாலில் இது மிகக் குறைவு என்பதால், குழந்தைகளுக்கான பால்பவுடரில் பெரும்பாலும் தனியாகச் சேர்க்கிறார்கள்.

கலவையும் மாறிக்கொண்டே இருக்கிறது. சீம்பாலில் புரதம் அதிகம். வாரங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. தனித்து மிதக்கும் இன்னொரு அமினோ அமிலமான குளூட்டமினோ அதே காலத்தில் பல மடங்கு கூடுகிறது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, குழந்தையின் வயதோடு பாலும் நடக்கிறது.

இதைவிடச் சிறந்த கலவையை யாரும் வகுத்துத் தரவில்லை. அதனால்தான் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவில் புரதம் தரமானதா என்று எடைபோட, தாய்ப்பாலின் அமினோ அமில விகிதத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது.