எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நூற்றுக்கு மூணு வட்டி என்றால் காதுக்குச் சின்னத் தொகையாகத்தான் படும். ஆனால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். பொதுத்துறை வங்கியில் நகையை வைத்து வாங்கும் கடனுக்கோ ஆண்டு முழுவதற்குமே 9, 10 சதவீத அளவில்தான் வட்டி. ஒன்றை மாதக் கணக்கிலும் மற்றொன்றை ஆண்டுக் கணக்கிலும் கேட்டே பழகிவிட்டதால், எந்த வட்டி குடும்பத்தை அரிக்கிறது என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை.

தண்டலில் உண்மையான வட்டி இன்னும் ஆழமாக மறைந்திருக்கிறது. காய்கறிக் கடை போடுபவர் ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஐம்பதாவது நாளிலேயே அவர் 5,000 ரூபாயைத் திருப்பிக் கட்டிவிட்டார். முழுப் பணமும் நூறு நாளும் அவரிடம் இருக்கவில்லை. முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது.

மாதச் சம்பளக்காரர்கள் சிக்குவது கிரெடிட் கார்டில். பாக்கி 50,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதம், அதாவது 2,500 ரூபாய் கட்டுகிறார். அதில் வட்டிக்கு 1,750, வட்டி மீதான ஜிஎஸ்டிக்கு 315. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய்!

மீள நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. பாக்கி எவ்வளவு, தவணை எவ்வளவு, ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று மூன்று கட்டம் போதும். ஒரு லட்ச ரூபாய் நகைக்கடன் 9 சதவீதத்தில் ஆண்டுக்கு 9,000 ரூபாய் கேட்கிறது. 50,000 ரூபாய் கார்டு பாக்கி 42 சதவீதத்தில் 21,000 கேட்கிறது. தொகையில் சிறிய கடன்தான் இங்கே ஆபத்தானது. மற்றவற்றுக்குத் தவணையை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமான கடனில் போட வேண்டும்.

கடனை அடைக்கக் கடன் வாங்கலாமா? வட்டி உண்மையாகவே குறைந்தால் வாங்கலாம். அந்தக் கார்டு பாக்கியை 9.5 சதவீத நகைக்கடனால் அடைத்தால், மாத வட்டி 1,750-லிருந்து 400 ரூபாய்க்குள் இறங்கிவிடும். கார்டை மறுபடி தேய்க்காமல் இருந்தால்தான் இது பலிக்கும். தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

புதிதாகக் கடன் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பின்னும் 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே கந்துவட்டிக்குப் பலியானது. அவமானத்துக்கு அஞ்சி யாரும் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை. மிரட்டினால் காவல்துறையில் புகார் தரலாம். வங்கிக் கடன் என்றால், காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ வசூல் முகவர்கள் போன் செய்வது ரிசர்வ் வங்கி விதிக்குப் புறம்பானது. முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.