கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பெருமை

வானொலியில் பேசிப் பேசி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரைச் சந்தித்தாலும், "செய்கிற வேலை மகிழ்ச்சி தருகிறதா?" என்று கேட்பேன். என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் சம்பளத்தைச் சொல்வார்கள். கேமரன் மலையில் எனக்கு வேறு பதில் கிடைத்தது.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் ஏராளம். அப்படி வந்த ஒருவரின் பேத்தி, இன்று தானா ராத்தா பக்கம் ஒட்டுக்கடை நடத்துகிறார். நான்கு மேசை, ஒரு கல்லாப்பெட்டி. அவ்வளவுதான்.

சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தினால்தான் 1 கிலோ தேயிலை கிடைக்கும். இது அம்மா சொல்லிக் கொடுத்த கணக்கு. கடை சொல்லிக் கொடுத்த கணக்கு வேறு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தூளைக் கூடுதல் நேரம் ஊறவிடுகிறார். "கேஎல்காரங்க அவசரப்படுவாங்க தம்பி. நான் விடமாட்டேன்!"

பள்ளி விடுமுறையில் கூட்டம் அலைமோதும். மற்ற வாரங்களில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடையை மூடிவிட்டுக் கோலாலம்பூருக்கு வரும்படி மகன் அழைத்துக்கொண்டே இருக்கிறார். அக்கா அசைவதாக இல்லை.

காரணம், மாலையில் வரும் வாடிக்கையாளர்கள். இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். குளிரில் நடுங்கியபடி வந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் போடுவார்கள். கையில் காசில்லாதவர் பெயர் கடன் நோட்டில் ஏறும். தே தாரே மட்டும் தவறாமல் மேசைக்கு வரும்.

"எங்க தாத்தா வந்து இறங்கினப்போ, 'பசியாறிட்டியா'ன்னு யார் கேட்டிருப்பா? இப்ப கேட்கிற இடத்துல நான் இருக்கேன். இதைவிட என்ன வேணும்?" என்றார்.

தாத்தா பிழைக்க வந்த ஊரில், பேத்தி விருந்தோம்புகிறார். வேலையில் பெருமை என்பது பதவியிலோ சம்பளச் சீட்டிலோ மட்டும் இல்லை. நம்மிடம் வருபவர் எப்படித் திரும்பிப் போகிறார் என்பதிலும் இருக்கிறது. வரும் விடுமுறையில் மலைக்குப் போனால், தேயிலைச் சரிவில் படம் எடுத்த கையோடு, இப்படியொரு ஒட்டுக்கடையிலும் சற்று உட்காருங்கள். தேநீர் கொஞ்சம் தாமதமாக வந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள்.